மறுதரப்பின் வாதத்தையும் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரண தண்டனை வேண்டும், வேண்டாம் என்று சென்ற வாரம் நடுப்பக்கத்தில் வந்த இரு கட்டுரைகளையும் படித்தேன். இருவரும் தத்தம் பக்கத்தாருக்காகவே எழுதியிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் படிப்பார் என்ற நினைப்பே இல்லை.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. நான் மரண தண்டனையை எதிர்ப்பவள். என் தம்பி ஆதரிப்பவன். "உனக்குக் கொலைகாரன்மேல்தான் இரக்கம்" என்றான். "உனக்கு ரத்தவெறி" என்றேன். எட்டு மாதம் பேச்சில்லை.

அப்போதுதான் அமெரிக்காவின் பாஸ்டன் பெண்களைப் பற்றிப் படித்தேன். 1994 டிசம்பரில் அந்நகரை ஒட்டிய புரூக்லைனில், கருக்கலைப்பு மருத்துவமனைகளில் ஒருவன் சுட்டதில் இரண்டு பெண் ஊழியர்கள் இறந்தனர். அதன் பிறகு, கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த மூவரும் எதிர்த்த மூவருமாக ஆறு பெண் தலைவர்கள் ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பேசினார்கள். 2001-இல் ஆறு பேரும் சேர்ந்து நாளிதழில் கட்டுரை எழுதியபோதுதான் வெளியே தெரிந்தது. ஒருவர்கூடக் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது, ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிய விதம்.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "வாதாடப் போவதில்லை. எப்போதிலிருந்து இப்படி நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன். உடன் வேலை செய்தவரின் மகள் கொல்லப்பட்டதையும், ஆறு ஆண்டுகள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருக்குத் துணையாகப் போனதையும் சொன்னான். இத்தனை சண்டையிலும் எனக்கு இது தெரியாது. பிறகு அவன் கேட்டான். நீதிமன்றத்தில் நான் சுருக்கெழுத்தில் எடுத்த ஒரு சாட்சியம் பொய்யென்று மேல்முறையீட்டில் தெரிந்ததையும், அதற்குள் அதை நம்பித் தண்டிக்கப்பட்ட மனிதர் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்துவிட்டதையும் சொன்னேன். அவனுக்கும் அது தெரியாது.

இருவரும் இம்மியும் நகரவில்லை. ஆனால் 'ரத்தவெறி' என்ற சொல்லை இனி அவனிடம் என்னால் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எதிரெதிர்க் கட்டுரைகள் வெளியிடும்போது, ஒவ்வொருவரும் முதல் பத்தியில் மறுதரப்பின் வாதத்தை எழுதட்டும். "ஆம், நான் சொல்வது இதைத்தான்" என்று அந்த மறுதரப்பினர் ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் காத்திருந்து படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்