நவம்பரில் ஜப்பான் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் பொறுமையாகப் பார்த்தோம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் ஒரு நாள் நாரா. எல்லாம் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் நவம்பரில் மேப்பிள் இலை சிவக்கும் நேரத்தில் கியோட்டோ கோயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் சொல்கிறேன், பயண நாட்களில் பாதியைக் கிராமங்களுக்கு ஒதுக்கு. போய்ச் சும்மா சுற்றிப் பார்க்காமல், அங்கே ஏதாவது ஒரு வேலையில் கை வைத்துவிட்டு வா.

திட்டத்தில் ஒரு மணி நேர சுஷி வகுப்பு ஒன்று போட்டிருக்கிறாய். நகரத்தில் நடக்கும் அப்படிப்பட்ட வகுப்புகளில் பெரும்பாலும் சோறு வெந்து ஆறியிருக்கும், மீன் நறுக்கித் தயாராக இருக்கும். நீ கையில் வைத்து அழுத்துவாய், படம் எடுப்பார்கள், முடிந்தது. தப்பில்லை, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிராமத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன வேலை நடக்கிறது?" என்று கேள். ஜூனில் போனால் உமே என்ற புளிப்புக் காயை உப்பில் ஊறப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மே மாதத் தொடக்கத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளுவார்கள். குளிர்காலத்தில் மிசோ என்ற புளித்த விழுதுக்கு சோயா வேகும். நீ போகும் நவம்பர், சோபா என்ற பக்வீட் தானியத்தின் புது மாவுக்கும், பெர்சிம்மன் என்கிறோமே அந்தக் காக்கிப் பழத்துக்கும் உரிய மாதம். அந்த நேரத்துக்கு உரிய வேலையில் போய்ச் சேர்ந்துகொண்டால் உனக்கென்று யாரும் தனியாக எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம், அவர்கள் வேலையோடு வேலையாக நீயும் இருப்பாய்.

அப்பாவின் வேலைக்காக நாங்கள் நகோயாவில் இருந்த காலத்தில், நீ பிறப்பதற்கு முன், விடுமுறை நாட்களில் கிஃபு மலைப்பக்கம் போவோம். அங்கே ஒரு பண்ணை வீட்டில் பாட்டி ஒருவர் என் கையில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்து ஒரு கூடைக் காக்கிப் பழத்தை முன்னால் வைத்தார். பழம் பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும். பழுத்துவிட்டதே என்று கடித்தால் துவர்ப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் துவர்ப்புப் பழத்தைத்தான் காயவைப்பார்கள். காம்போடு கொஞ்சம் குச்சியை விட்டுப் பறிக்க வேண்டும், கயிறு கட்ட அதுதான் பிடி. தோலைச் சீவி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொதிக்கும் நீரில் சில நொடி முக்கி எடுத்து, மழை படாமல் காற்று வரும் கூரையோரத்தில் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் மெதுவாகப் பிசைந்து விடுவார்கள், உள்சதை இளகி ஒரே சீராகக் காயும். நாளாக ஆக மேலே வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சை இல்லை, பழத்தின் சர்க்கரை.

நான் கத்தியைத் தள்ளித் தள்ளிச் சீவுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியை அசைக்காமல் பழத்தைச் சுற்ற வைத்தார். எனக்கு அப்போது ஜப்பானிய மொழி நாலு வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். ஆனாலும் அந்த மத்தியானம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தோம். மொழி தெரியாத ஊரில் ஒரு கோயிலின் முன் நின்றால் நீ வெளியாள்தான். ஒரு கூடைப் பழத்தின் முன் உட்கார்ந்தால் அப்படி இல்லை. இதை நீயும் மாப்பிள்ளையும் உணர வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, எங்கே போவது? ஒரே ரயில் பாதையில் போட்டுத் தருகிறேன். டோக்கியோவிலிருந்து ஹொக்குரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் நாகானோ வழியாகப் போகிறது. 2024 மார்ச்சிலிருந்து அது சுருகா வரை நீண்டுவிட்டது. அங்கே இறங்கி வேறு ரயில் மாறினால் கியோட்டோ, ஒசாகா. ஆகவே நீ எப்படியும் மேற்கே போக வேண்டிய வழியில்தான் இந்த ஊர்கள் வருகின்றன.

முதலில் தோகாகுஷி. நாகானோ ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மலைமேல். நெல்லுக்கு ஒத்துவராத குளிர். பக்வீட் என்று நம் ஊர் சூப்பர்மார்க்கெட்டிலும் இப்போது வைத்திருக்கிறார்களே, அந்தத் தானியம் குறுகிய காலத்தில் விளைந்துவிடும் என்பதால் அந்தக் காலத்து மலைக்காரர்களுக்கு அதுவே சாப்பாடு. இலையுதிர் காலத்தில் அறுத்த புது மாவு நீ போகும்போது கிடைக்கும், அதன் வாசமே தனி. அங்கே இருக்கும் சோபா அருங்காட்சியகத்தில் நீயே நூடுல்ஸ் செய்து, செய்ததைச் சாப்பிடலாம்.

பார்க்கச் சுலபம் போல இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். வழக்கமான கணக்கு எட்டுப் பங்கு சோபா மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு. சோபாவில் பசைப்புரதம் இல்லை, அந்த இரண்டு பங்கு கோதுமைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. அகலமான மரத்தட்டில் மாவைக் கொட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விரல் நுனியால் பிசிற வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறும் அதே கைதான், அழுத்தவே கூடாது. ஒவ்வொரு துகளுக்கும் ஈரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உருட்டிப் பிசைவது. பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த முதல் சில நிமிடத்தில்தான் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாருமே சொல்வார்கள். உனக்கு ஆச்சியிடம் புட்டு பழகிய கை, பயப்படாதே. அப்புறம் நீளக் கட்டையால் தேய்த்து, வட்டத்தைச் சதுரமாக்கி, மடித்து, ஒரு பலகையை மேலே வைத்து அதை ஒட்டியே அகலக் கத்தியால் நறுக்க வேண்டும். உன் நூடுல்ஸ் ஒன்று நூலாகவும் இன்னொன்று கயிறாகவும் வரும். வரட்டும். கொதிநீரில் ஒரு நிமிடம் போல வெந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசுவார்கள். தோகாகுஷியில் அதைச் சின்னச் சின்ன முடிச்சாக மூங்கில் தட்டில் வரிசையாக வைப்பது வழக்கம். அந்தத் தட்டைப் பின்னுவதும் அந்த ஊர்த் தொழில்தான், அந்த மலையின் மூங்கில்தான். சாப்பிட்டு முடித்ததும் நூடுல்ஸ் வெந்த நீரைக் கொண்டுவருவார்கள், தொட்டுச் சாப்பிட்ட சாற்றின் மிச்சத்தில் ஊற்றிக் குடி.

ஒன்று முக்கியம். சோபா ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மாப்பிள்ளை இதுவரை சாப்பிட்டதில்லை என்றால், வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் சம்பந்தியம்மாவிடம் கேட்டுக்கொள்.

அங்கேயே மேல் கோயிலுக்குப் போகும் வழியில் தேவதாரு மாதிரி ஓங்கிய சுகி மரச்சாலை இருக்கிறது. காலையில் கூட்டம் வருவதற்கு முன் நடந்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது கொகாயாமா. ஷின் தகாஓகா ஸ்டேஷனில் இறங்கி பஸ். ஷிராகாவா-கோ என்று எல்லாரும் படம் போடும் ஊரும் இதுவும் ஒன்றாகவே 1995ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன, ஆனால் கொகாயாமாவுக்கு வரும் கூட்டம் குறைவு. ஐனொகுரா என்ற சிற்றூரில் அந்தச் செங்குத்தான புல்கூரை வீடுகள் சிலவற்றில் இரவு தங்கலாம். பகலில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகாதே, ஒரு ராத்திரி தங்கு. நடுக்கூடத்தில் தரையோடு பதிந்த அடுப்பு, அதில் குச்சியில் குத்திய ஆற்று மீன் மெதுவாக வேகும். புகை மேலே போய்க் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். கூரைப் புல்லை 15, 20 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பழைய காலத்தில் ஊரே கூடிச் செய்வார்கள். மாடியில் பட்டுப்புழு வளர்த்தார்கள், கீழே தரைக்கு அடியில் வெடியுப்பு தயாரித்து ஆண்டவர்களுக்கு அனுப்பினார்கள். வயலுக்கு இடமில்லாத மலையில் வீட்டுக்குள்ளேயே பிழைப்பு நடந்திருக்கிறது. அந்த ஊர் தோஃபு, அதாவது சோயாப் பாலில் செய்த கட்டி, கயிறு கட்டித் தூக்கினாலும் உடையாது. மீன் சாப்பிடாத மாப்பிள்ளைக்கு அது போதும். காக்கிப் பழம் காயப்போடும் வீடுகளும் அந்தப் பக்கம், புகுமிட்சு, ஜோஹானா ஊர்களில் நிறைய. கேட்டுப் பார், கத்தி கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

நேரம் இருந்தால் எச்சிசென். கைக்காகிதம் செய்யும் ஊர், ஆற்றின் மேல்புறத்திலிருந்து வந்த ஒரு தெய்வம் கற்றுக்கொடுத்த தொழில் என்று அவளுக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். பயணிகள் சட்டென்று ஒரு தாள் செய்து எடுத்துப் போக ஒரு கூடம் இருக்கிறது, அது குழந்தைகளுக்குச் சரி. நீ பக்கத்திலேயே உள்ள பழைய பட்டறை வீட்டுக்குப் போய்க் கைவினைஞர்கள் செய்வதை உட்கார்ந்து பார். கோசோ மரப்பட்டையை வேகவைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, நாரில் ஒட்டிய கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்குகிறார்கள். பிறகு அடித்துக் கூழாக்கி, நம் வெண்டைக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாற்றைத் தண்ணீரில் கலக்கிறார்கள். அந்த வழவழப்புதான் நாரை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கிறது. மரச்சட்டத்தால் கூழை அள்ளி அசைக்கும் அந்தக் கை அசைவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாப்பாடு பற்றி மாப்பிள்ளைக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவிய சாறு இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மீன் சாறும் கூடாது, கடற்பாசி, காளான் சாறு போதும் என்று முன்பதிவின்போதே எழுது, போய் இறங்கிய பிறகு சொல்லாதே. கவலையே இல்லாமல் அவர் சாப்பிடக்கூடிய இடம் கோயாசான் மலை. 816ல் கூக்காய் என்ற பௌத்தத் துறவி தொடங்கிய இடம், ஒசாகாவிலிருந்து ரயிலும் கேபிள் காரும். ஐம்பது போல மடங்களில் பயணிகள் தங்கலாம். மீன், இறைச்சி மட்டும் இல்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய எள் தோஃபு, பனியில் உறைந்து காய்ந்த கோயா தோஃபு இரண்டையும் தவறவிடாதே. விடிகாலை வழிபாட்டுக்கு எழுந்து போ. சூத்திரத்தைத் தூரிகையால் பார்த்தெழுதவும் சொல்லித் தருவார்கள். நவம்பரில் நடுக்கும், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்.

பண்ணை வீட்டில் தங்குவது ஓட்டல் இல்லை என்பதை நீ மறக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். கியூஷூ தீவில் அஜிமு என்ற ஊர் விவசாயிகள் 1990களில் விருந்தினரை வீட்டில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்து முறை தங்கினால் சொந்தச் சொந்தம் என்பது அவர்கள் பேச்சு. உணவகத்துக்கான அனுமதி இல்லாத வீடுகளில் விருந்தினரும் சேர்ந்து சமைப்பதே வழக்கம். ஆகவே உன்னைக் கத்தியும் பலகையுமாக உட்கார வைத்தால் அது வேலை வாங்குவது இல்லை. சொன்ன நேரத்துக்குப் போய்விடு, பஸ் தவறினால் உடனே போன் செய். கடைசி நேரத்தில் ரத்து செய்யாதே. இரண்டு பேருக்காக அவர்கள் முதல் நாளே கடைக்குப் போயிருப்பார்கள். குளியல் தொட்டியில் இறங்கும் முன் வெளியே சோப்புப் போட்டு அலசிக்கொள், அதே தண்ணீரில்தான் வீடே குளிக்கும். கையில் கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் கொண்டுபோய்க் கொடு. கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடு.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பாய். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் ஆள் இல்லாத வீடுகள் மட்டும் 90 லட்சம். மலை ஊர்களில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், சோபா தேய்க்கும் கையும் பழம் சீவும் கையும் எழுபது எண்பது வயதுக் கைகள். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி இப்போது இருக்க வாய்ப்பில்லை. அந்த வீட்டில் யாராவது காக்கி தொங்கவிடுகிறார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கற்றுக்கொள்ள ஆள் வந்தால் அந்த வயதானவர்கள் முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்திருக்கிறேன். நீ கொடுக்கும் பணத்தைவிட, இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபடி செய்வது அவருக்குப் பெரிது.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் திணிக்காதே. தோகாகுஷிக்கும் கொகாயாமாவுக்கும் இரண்டிரண்டு ராத்திரி, கோயாசான் ஒரு ராத்திரி, மீதி உன் நகரங்களுக்கு. எச்சிசென் முடியாவிட்டால் விட்டுவிடு. ஐனொகுராவில் அறைகள் குறைவு, இந்த வாரமே எழுதிக் கேள். தேதி உறுதியானதும் அப்பாவுக்கு அனுப்பு, பஸ் நேரம் எல்லாம் பார்த்து வைக்கிறேன் என்று இப்போதே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா