பட்டறைகளையும் கொஞ்சம் பாருங்கள்

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாமக்கல் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மினி லாரி, பள்ளி வேன், டாக்சி, சொந்தக் கார் என்று எது வந்தாலும் பார்ப்போம். இந்த மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதக் காரணம் உண்டு. ரோட்டில் ஓடும் வண்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு துறை. அதைச் சரியாக வைத்திருக்கத் தெரிந்த ஆளை உருவாக்குவது இன்னொரு துறை. இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசுவதாக எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி. சான்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாடகை வண்டி, சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். சொந்தக் காரை முதல் 15 வருடம் யாரும் பார்ப்பதில்லை; புகைச் சான்று வாங்கினால் போதும். எஃப்.சி. தேதி நெருங்கும்போது பட்டறையில் நடப்பது ஊருக்கே தெரிந்த கதை. பெயின்ட் அடிப்பார்கள், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஹாரன், வைப்பர், லைட் எல்லாம் சரியாகும். டயர் தேய்ந்திருந்தால் வேறு வண்டியின் டயரை வாங்கி மாட்டி, காட்டிவிட்டு வந்து, மறுநாள் பழையதையே திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு. கார், லாரி டயரில் பட்டன், அதாவது பள்ளத்தின் ஆழம், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது விதி. அது அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் என்று பல முதலாளிகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து, அந்தப் பேருந்தின் சக்கரத்திலேயே சிக்கி ஒரு சிறுமி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. இன்றைக்கும் பள்ளி திறப்பதற்கு முன்னால் மைதானங்களில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறீர்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பேருந்தின் தரை ஒரே ராத்திரியில் ஓட்டையாவதில்லை. மழைத் தண்ணீர் தேங்கி, துருப்பிடித்து, தகரம் இற்று, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடி, இப்படிப் பல மாதங்கள் ஆகும். மாதத்துக்கு ஒரு தடவை கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்கும் ஒரு மெக்கானிக் இருந்தால், அவனுடைய பேச்சுக்கு முதலாளியிடம் மதிப்பும் இருந்தால், அந்த ஓட்டை ரோட்டுக்கே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது தானியங்கிப் பரிசோதனை நிலையங்கள் வருகின்றன. பிரேக்கை ரோலரில் ஏற்றி அளப்பார்கள், ஆளைப் பார்த்துச் சான்று தர முடியாது என்கிறார்கள். வரட்டும். ஆனால் ரோலர் அன்றைய பிரேக்கைத்தான் அளக்கும். பிரேக் ஆயில் எத்தனை வருடப் பழசு என்று அதற்குத் தெரியாது.

இந்தப் பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உயிர் விஷயம், ஏனென்றால் பக்கத்திலேயே எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை இருக்கிறது. கார், வேன்களில் ஊற்றும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுக்கும். அதில் டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. மலை இறங்கும்போது, அதுவும் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதில் சூடு ஏறி ஆயில் கொதித்து லைனில் ஆவி நிற்கும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கும். "பிரேக் நல்லாத்தானே இருக்கு, டிரைவர்தான் தூங்கியிருப்பான்" என்று பேச்சு முடிந்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதுசு ஊற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஆயில், கூடவே ஒரு மணி நேரக் கூலி. அவ்வளவுதான். பட்டறைக்கு வருகிறவர்களில் இதைத் தானாகக் கேட்கிறவர்கள் அபூர்வம். நாமாகச் சொன்னால் "வேலை வைக்கப் பார்க்கிறான்" என்ற சந்தேகம்.

காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக் லாரியில் கதை வேறு. காற்று டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்காமல் விட்டால் வால்வு துருப்பிடிக்கும். பிரேக் லைனிங் தேயத் தேய, அதனால் கூடும் இடைவெளியைக் குறைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகிச் சரி செய்யாவிட்டால், காற்று போதுமான அளவு இருந்தும் பிடி கிடைக்காது. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் எங்கள் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்கு உப்புப் படிந்து, சூடு ஏறி, ஹெட் கேஸ்கட் போய், கடைசியில் வரும் பில்லைப் பார்த்து எங்கள் மேல்தான் கோபம் வரும்.

2022இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். பெரும்பாலான விபத்துகளுக்கு அதிவேகம்தான் காரணம் என்று பதிவாகிறது. அதை நான் மறுக்கவில்லை, வேகம்தான் முதல் எதிரி. ஆனால் பிரேக் ஆயில் கொதித்ததா, டயர் ஓரம் கிழிந்திருந்ததா, பால் ஜாயின்ட் கழன்றதா என்று ஒவ்வொரு வண்டியையும் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அங்கேதான் உங்கள் இன்னொரு துறைக்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்தது. பி.எஸ்.4இலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குப் போனார்கள். காற்றுக்கு நல்லது. ஆனால் எங்கள் தொழில் ஒரே நாளில் வேறு தொழிலாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பழகிய கைகளுக்கு முன்னால் ஸ்கூட்டி கூட இன்ஜெக்டரும் சென்சாரும், இன்ஜினை நடத்தும் ஈ.சி.யு. என்ற கம்ப்யூட்டருமாக வந்து நின்றது. டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் வந்தது. சேர்ந்த கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வண்டி பைபாஸில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். பள்ளி வேன் என்ன செய்யும்? தெருவுக்குத் தெரு நின்று நின்று போகும். கரி எரியாது, டேஷ்போர்டில் விளக்கு எரியும். டிரைவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். ஒரு நாள் வண்டி இழுக்காமல் நிற்கும். விளக்கு எரிந்த அன்றே சொல்லியிருந்தால் இருபது நிமிட ஓட்டத்தில் சரியாகியிருக்கக் கூடிய விஷயம், இப்போது பெரிய செலவு. இன்னும் சிலர் அந்த ஃபில்டரையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது சட்டப்படி தவறு, எல்லோர் மூச்சுக்கும் கேடு. புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் டேங்க் இருக்கும் லாரிகளில் வயலுக்குப் போடும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற புத்திசாலிகளும் உண்டு. அந்தச் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் சரியாகப் பார்க்க, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பி0171 என்று ஒரு கோளாறுக் குறியீடு வரும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். குறியீட்டைப் பார்த்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டுச் சில ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதே விளக்கு திரும்ப எரியும். தெரிந்தவன் முதலில் ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்ப்பான். வெடிப்பு இருந்தால் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். குழாயை மாற்றினால் முடிந்தது. ஆனால் "ஒரு ரப்பரை மாத்தினதுக்கு இவ்வளவு கூலியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பார்ட்ஸுக்கு அச்சடித்த விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். எது கெட்டது, எது கெடவில்லை என்று கண்டுபிடித்த அறிவுக்குத்தான் பேரம் பேசுவார்கள். அதனாலேயே பலர் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு மாற்றுவதிலேயே இறங்கிவிட்டார்கள். எங்கள் தொழிலில் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவனுக்கு நட்டம் வரும்படி கணக்கு அமைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அந்த அறிவை எங்கே கற்பது? என் தலைமுறையில் பலர் சின்ன வயதிலேயே பட்டறையில் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, மேஸ்திரி ஆனவர்கள். அந்த வழியை மூடியது சரிதான்; குழந்தையைப் பட்டறைக்கு அனுப்புவது குற்றம், அனுப்பவும் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக வேறு வழி திறக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு, டீசல் மெக்கானிக் ஒரு வருடம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 என்கிற கம்ப்யூட்டர், ரோபோ காலத் தரத்துக்கு உயர்த்தியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அங்கே படித்து வெளியே வரும் பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி லைனுக்குப் போகிறார்கள். ஏசி, கேன்டீன், பி.எஃப். எல்லாம் இருக்கும்போது எண்ணெய்க் குழிக்கு எவன் வருவான்? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வண்டி செய்யும் மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். செய்த வண்டியைப் பத்து, பதினைந்து வருடம் ஓட்டத்தில் வைத்திருப்பது யார் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வண்டி பற்றிய தகவலும் பூட்டிக் கிடக்கிறது. வயரிங் படம், சர்வீஸ் மேனுவல், கம்பெனி ஸ்கேனர் எதுவும் வெளிப் பட்டறைக்கு எளிதில் கிடைக்காது. இது என் புலம்பல் இல்லை. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்புறம் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு. எங்கள் பட்டறை வரைக்கும் அது வந்து சேரவில்லை.

நலவாரியத்தில் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. நான் கேட்பது வேறு. முதலாவது, சாயங்கால வகுப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் இருக்கும் ஸ்கேனர், பி.எஸ்.6 இன்ஜின், எலெக்ட்ரிக் வண்டிப் பயிற்சிக் கருவி எல்லாம் மாலை ஐந்து மணிக்கு மேல் சும்மாதான் இருக்கும். வேலையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு அவற்றைத் திறந்துவிடுங்கள். பாடம் தமிழில் இருக்கட்டும். எழுத்துத் தேர்வை விட, பழுதான ஒரு வண்டியைக் கொடுத்து "என்ன கோளாறு, கண்டுபிடி" என்று விட்டுப் பாருங்கள். தேறியவனுக்கு அரசுச் சான்று கொடுங்கள். இப்போதும் அனுபவத்தை அங்கீகரிக்கும் குறுகிய காலச் சான்றுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் அந்தச் சான்று ஒரு பொருட்டில்லை என்றால் யார் மெனக்கெடுவார்கள்?

அதனால் அந்தச் சான்றை எஃப்.சி.யோடு இணைத்துவிடுங்கள். பள்ளி வேனுக்கும் பேருந்துக்கும் மட்டுமாவது முதலில் செய்யலாம். எஃப்.சி.க்கு வரும்போது பராமரிப்புப் பதிவேடு கையில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் பிரேக் ஆயில் மாற்றியது, லைனிங் எவ்வளவு மிச்சம், அடித்தளத்தைப் பார்த்தது யார், சான்று பெற்ற எந்த மெக்கானிக்கின் கையெழுத்து என்று அதில் இருக்கட்டும். பொய்க் கையெழுத்துப் போட்டால் அவன் சான்று போகட்டும். முதலாளியிடம் "இந்த வண்டி இன்னிக்கு ஓடக் கூடாது" என்று சொல்ல எங்களுக்கு இப்போது எந்தப் பலமும் இல்லை. சொன்னால் வண்டி அடுத்த பட்டறைக்குப் போய்விடும். கையெழுத்துக்கு அர்த்தம் வந்தால் அந்தப் பலம் வரும்.

பதிவேடு என்றால் வேன் வைத்திருப்பவர்கள் செலவைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் லாபமும் மெலிந்ததுதான். ஒழுங்காகப் பதிவேடு வைத்தவர்களுக்கு எஃப்.சி. கட்டணத்திலோ இன்சூரன்ஸிலோ ஏதாவது சலுகை கிடைக்க வழி செய்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இதற்காகக் கூட்டம் எதுவும் போடுவதாக இருந்தால் பட்டறைக்காரர்கள் சிலரையும் கூப்பிடுங்கள். வார நாளில் வைத்தால் எங்களால் வர முடியாது, கடை மூடினால் அன்றைக்குக் கூலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் என்றால் சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் திரட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நாமக்கல்லிலிருந்து ஒரு பட்டறைக்காரன்