அரிஸ்டோவை விற்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் டொயோட்டா அரிஸ்டோ காரை விற்கப் போவதாக எழுதியிருந்தாய். இன்ஜின் மாற்றியதைச் சொன்னால் விலை இறங்கிவிடுமோ என்று தயங்குகிறாய், புரிகிறது. சொல்லிவிடும்மா. விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடு.

மறைக்க நினைத்தாலும் முடியாது. உன் வண்டியின் சேஸிஸ் எண் ஜேஇசட்எஸ்160 என்று தொடங்குகிறது. டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத 2ஜேஇசட்-ஜிஇ இன்ஜினோடு வந்த வண்டிக்குத்தான் அந்த எண். நீ இப்போது மாற்றி வைத்திருக்கும் இரட்டை டர்போ 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின் கம்பெனியிலேயே பூட்டி வந்திருந்தால் 161 என்று இருக்கும். விஷயம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் நீ சொல்லும் வேறு எதையும் நம்ப மாட்டார்.

முதலில் பதிவுச் சான்றை எடுத்துப் பார். அதில் இன்ஜின் எண் இருந்தால், இப்போது இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் திருத்தி வாங்கிய பிறகு விற்கலாம். பெயர் மாற்றும்போது சிக்கல் வந்தால் வாங்கியவர் உன் வாசலில்தான் வந்து நிற்பார். இன்சூரன்ஸும் அப்படியே.

ஓடோமீட்டர் காட்டுவது பாடி ஓடிய கிலோமீட்டரை. இன்ஜினுக்குத் தனிக் கணக்கு. அது எங்கிருந்து வந்தது, வயரிங்கும் ஈசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எந்த வண்டியுடையவை, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, எல்லாவற்றுக்கும் பில் எடுத்து வை. அந்த பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதைக் கட்டாயம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் ஒன்று புதிதாக எடுத்துவிடு. ஆறு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், நீ பேசுவதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

பார்க்க வருகிறார்கள் என்று முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதே. ஆறிக் கிடக்கும் இன்ஜினை அவர்களே ஸ்டார்ட் செய்யட்டும். நீலப் புகை வருகிறதா என்று பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும். டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் அமைப்பை நீ மாற்றாமல் விட்டது நல்லதாயிற்று. 4,000 ஆர்பிஎம் பக்கத்தில் இரண்டாவது டர்போ சேரும்போது ஓட்டுகிறவரின் முதுகே அதைச் சொல்லும். ஆனால் சாவியைக் கொடுத்துத் தனியாக அனுப்பாதே. இந்த வேகம் பழகாதவர் கையில் வண்டி சட்டென்று மீறிப் போகும், நீயும் பக்கத்தில் உட்கார். பிரேக் இன்னும் பழையதுதான் என்பதையும் கிளம்பும் முன் சொல்லிவிடு.

கழற்றி வைத்த பழைய இன்ஜினை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதே. அதையும் சேர்த்துக் கேட்பவர் வரலாம். டெஸ்ட் தாள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, விலையை உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அப்பா