ஆண்டறிக்கை: காளை மாட்டோட ஒரு வருஷம்

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும் கமிட்டிக்காரங்களுக்கும், மழைன்னு பாக்காம வந்திருக்கிற எல்லா மெம்பர்களுக்கும் வணக்கம். வர முடியாதவங்களுக்காக இதையே அப்படியே குரூப்லயும் போடப்போறேன், அதனால பேசற மாதிரியே எழுதியிருக்கேன், தமிழாசிரியர் ஐயா சந்திப்பிழையை எல்லாம் கூட்டம் முடிஞ்சப்பறம் தனியா சொல்லுங்க.

போன ஏப்ரல்ல இருந்து இந்த மார்ச் வரைக்கும் நம்ம வாசகர் வட்டம் 12 தடவை கூடியிருக்கணும், 11 தடவை கூடினோம். அக்டோபர்ல ஹாலுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு, அந்த மாசம் விட்டுப்போச்சு. மெம்பர் 41 பேர், அதுல சந்தா கட்டினவங்க 34 பேர், மிச்ச 7 பேர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும்.

இந்த வருஷத்து தலைப்பு எப்படி வந்துச்சுன்னு புது மெம்பர்களுக்காக ஒரு வார்த்தை. போன டூர்ல தஞ்சாவூர் பெரிய கோயில் நந்திக்கு முன்னாடி நின்னு எல்லாரும் ராஜராஜன் வச்சதுன்னு சொல்லி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப, இது நாயக்கர் காலத்து வேலைன்னு தமிழாசிரியர் ஐயா ஒரு குண்டு போட்டாரு பாருங்க, அந்தச் சண்டை வேன்ல ஏறியும் அடங்கல, சரி காளையவே எடுத்துப் படிச்சுருவோம், உலகத்துல யார் யார் காளைய சாமியா வச்சிருந்தாங்கன்னு பாத்துருவோம்னு பொதுக்குழுவுல முடிவாச்சு.

ஏப்ரல்ல மெசபடோமியா. கில்காமேஷ் காவியத்துல இஷ்தார் தேவி தன்னை வேணாம்னு சொன்ன கில்காமேஷ் ராஜா மேல கோவப்பட்டு அப்பன் அனு கிட்ட வானத்துக் காளைய கேட்டு வாங்கி ஊர் மேல ஏவி விடறா, கில்காமேஷும் அவன் சிநேகிதன் எங்கிடுவும் அதைக் கொன்னுடறாங்க, எங்கிடு அதோட தொடைய பிச்சு தேவி மூஞ்சில வீசறான், அப்பறம் அதுக்கு தண்டனையா அவனே சாகறான். மே மாசம் கிரீட் தீவு, க்னோசோஸ் அரண்மனைச் சுவர்ல காளை மேல குட்டிக்கரணம் போடற ஓவியம். அதோட மொகஞ்சதாரோ முத்திரையையும் ஏறுதழுவலைப் பாடற கலித்தொகை முல்லைக்கலியையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். மூணுக்கும் தொடர்பு இருக்குன்னு ஒரு கோஷ்டி, சும்மா இருங்கப்பான்னு ஒரு கோஷ்டி, என் கட்சி ரெண்டாவதுதான், மனுஷனும் காளையும் எங்க பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் எவனாவது ஒருத்தன் அது மேல பாயத்தான் செய்வான், அதுக்கு கப்பல் ஏறிப் போய் சொல்லிக் குடுக்கணும்னு இல்ல.

ஜூன்ல எகிப்துக்குள்ள போனோம், டிசம்பர் வரைக்கும் வெளிய வர முடியல. ஒரே ஒரு மாடுதான் காரணம், மெம்ஃபிஸ் நகரத்து ஏபிஸ் காளை.

இது சிலை கிடையாது, உயிரோட நடமாடற மாடு. மெம்ஃபிஸ்ல ப்தா சாமி கோயில் பக்கத்துல தொழுவம், ஒரு நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அது செத்தா நாட்டுக்கே துக்கம், அப்பறம் அடுத்ததைத் தேடணும். எந்தக் கன்னுக்குட்டிய எடுக்கறதுங்கறதுக்கு அடையாளம் இருக்கு. அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றுக்காரர் ஹெரடோட்டஸ் எழுதி வச்சபடி உடம்பு கறுப்பு, நெத்தியில வெள்ளை, முதுகுல கழுகு மாதிரி மச்சம், வால்ல ரெட்டை முடி, நாக்குக்கு அடியில வண்டு. கிடைச்சிருக்கிற வெண்கலச் சிலைகள்ல நெத்தி முக்கோணமும் முதுகுல செதுக்கின ரெக்கையும் தெளிவாவே இருக்கு, கொம்புக்கு நடுவுல சூரியத்தட்டு.

இதைப் படிச்சு முடிச்சதும், 40 வருஷமா சந்தையில மாட்டுத் தரகு பாக்கற நம்ம மெம்பர் அண்ணன், அன்னைக்கு வரைக்கும் பின் பெஞ்சுல உக்காந்து டீ மட்டும் குடிச்சுக்கிட்டு இருந்தவரு, எந்திரிச்சு முன்னாடி வந்தாரு. "இது சுழி பாக்கறதுதானேய்யா, நெத்திச்சுட்டி காரின்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறத விட்டுட்டு"ன்னு ஆரம்பிச்சு, ராஜசுழி எங்க இருக்கணும், பாடைச்சுழி இருந்தா ஏன் எவனும் வாங்க மாட்டான், வாய தொறந்து நாக்கையும் பல்லையும் எப்படிப் பாக்கறதுன்னு முக்கா மணி நேரம் பேசினாரு. தலைவர் ஐயாவோட துண்டை வாங்கிப் போத்தி, அதுக்குள்ள பொருளாளர் அக்கா வீட்டுக்காரர் விரலைப் பிடிச்சு வெலை பேசியும் காட்டினாரு, என்ன வெலைன்னு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சொல்லல. இந்த வருஷத்துல நல்லா நடந்த கூட்டம் எதுன்னு கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன். ஒரு சின்ன விஷயம், வெட்னரி டாக்டர் சார் சொன்னது, நாக்குக்கு அடியில வண்டு மாதிரி கறுப்புப் படை சில மாட்டுக்கு நெசமாவே இருக்குமாம்.

ஜூலையில மரியெட் கதை. இங்க பொருளாளர் அக்கா காதைப் பொத்திக்கங்க. 1850ல பாரிஸ் லூவர் மியூசியம் ஒகுஸ்த் மரியெட்ங்கற 29 வயசுப் பையனை எகிப்துக்கு அனுப்புது, எகிப்துக் கிறிஸ்தவங்களோட பழைய காப்டிக் மொழி ஏட்டுப்பிரதி வாங்கிட்டு வான்னு பணம் குடுத்து. ஏடு கிடைக்கல. சும்மா மெம்ஃபிஸ் பக்கத்து சக்காரா பாலைவனத்துல சுத்தினவன் கண்ணுல மணலுக்கு மேல துருத்திக்கிட்டு ஒரு ஸ்பிங்ஸ் தலை, அதாவது மனுஷத் தலையும் சிங்க உடம்புமா இருக்கற சிலையோட தலை, பட்டுச்சு. ஏபிஸ் காளைகளை அடக்கம் பண்ணின செரபியம்ங்கற கோயில் பாதையில ஸ்பிங்ஸுகள் பாதியும் முழுசுமா மணல்ல புதைஞ்சு கிடக்குன்னு பழைய கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதினது அவனுக்கு ஞாபகம் வந்துச்சு, ஏட்டுக்கு வச்சிருந்த காசைப் போட்டு ஆள் பிடிச்சுத் தோண்டிட்டான். ஒதுக்கின நிதிய வேற தலைப்புல செலவு பண்றதுங்கறது இதுதான், நம்ம ஆடிட்டிங்ல வந்திருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. நூத்துக்கு மேல ஸ்பிங்ஸ் வரிசையா வந்துச்சு, 1851 நவம்பர் 12ல சுரங்கத்துக்குள்ள இறங்கினான். உள்ள ரெண்டு பக்கமும் குழிக்குள்ள 24 கல் சவப்பெட்டி, ஒவ்வொண்ணும் மூடியோட 60 டன்னுக்கு மேல, எல்லாம் மாட்டுக்கு. எவனோ எப்பவோ மூடியத் தள்ளி திருடிட்டுப் போயிருந்தான்.

ஆனா அடுத்த வருஷம் திருடன் கை படாத ஒரு அறை கிடைச்சுச்சு, எகிப்து ராஜா ரெண்டாம் ராம்சேஸ் காலத்துல மூடினது. கதவை அடைச்ச சாந்துல கடைசியா பூசினவனோட விரல் தடம், உள்ள மணல்ல வேலையாட்களோட கால் தடம், 3000 வருஷத்துக்கு மேல அப்படியே. பெட்டிக்குள்ள நாம நெனைக்கற மாதிரி முழு மாட்டு மம்மி இல்ல, நொறுங்கின எலும்பும் தார் மாதிரி ஒரு கட்டியும்தான். அந்தக் கால் தடத்தைப் பத்தி நான் வாசிச்சப்ப ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. (அன்னைக்கு ப்ரொஜெக்டர் வேலை செய்யல, வாடகை குடுத்த கடைக்காரர் முழுக் காசும் வாங்கிக்கிட்டாரு, இது அடுத்த வருஷ கமிட்டி கவனத்துக்கு.)

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. ஒவ்வொரு ஏபிஸ் அடக்கத்துக்கும் கல்வெட்டு வச்சிருக்காங்க, அதுல பாதி நம்ம மினிட்ஸ் புக் மாதிரியே இருக்கு. ஒண்ணு சொல்றேன். ஒரு காளை நெக்கோ ராஜாவோட 16ஆம் ஆட்சி வருஷம், ரெண்டாம் மாசம் 7ஆம் தேதி பொறந்துச்சு. அடுத்த ராஜா சாம்திக்கோட முதல் வருஷத்துல ப்தா கோயில்ல பதவி ஏத்துச்சு. அதுக்கு அடுத்த ராஜா ஏப்ரிஸோட 12ஆம் வருஷம் எட்டாம் மாசம் 12ஆம் தேதி செத்துச்சு. வயசு 17 வருஷம் 6 மாசம் 5 நாள். பத்தாம் மாசம் 21ல அடக்கம். எண்ணிப் பாருங்க, செத்த நாளையும் சேத்து சரியா 70ஆவது நாள், அவ்ளோ நாள் பதப்படுத்தற வேலை.

கணக்கு டீச்சர் இதை போர்டுல போட்டுக் காட்டினாங்க. பொறந்த வருஷத்துல இருந்து செத்த வருஷம் 17 தள்ளி. அதுல ஏப்ரிஸோட 1ல இருந்து 12 வரைக்கும் 11 வருஷம் போச்சுன்னா மிச்சம் 6. அப்போ நடுவுல இருந்த சாம்திக் ஆண்டது 6 வருஷம். அவ்ளோதான், ஒரு ராஜாவோட ஆட்சிக்காலம் ஒரு மாட்டோட ஜாதகத்துல இருந்து வெளிய வந்துருச்சு. அந்தக் காலத்து எகிப்து வரலாற்றுக்கு வருஷக் கணக்கு நிக்கறதுல இந்த மாட்டுக் கல்வெட்டுகளுக்குப் பெரிய பங்கு. நாம வருகைப் பதிவுல கையெழுத்து போடச் சொன்னா "அப்பறம் போடறேன்"ங்கறோம்.

கம்பைசிஸ் விஷயம் இதை விட ருசி. பாரசீக ராஜா கம்பைசிஸ் கி.மு. 525ல எகிப்தைப் பிடிச்சான். அப்பறம் அவன் எத்தியோப்பியா மேல படையெடுத்துப் போய் தோத்து வந்த நேரத்துல புது ஏபிஸ் கிடைச்சிருச்சுன்னு ஊர் கொண்டாடினதாவும், நான் தோத்ததுக்கு சிரிக்கறீங்களான்னு அவன் கத்திய எடுத்து மாட்டுத் தொடையில குத்தினதாவும், அது செத்து பூசாரிங்க ரகசியமா புதைச்சதாவும், பின்னாடி அவன் குதிரை ஏறும்போது அவன் கத்தியே அவன் தொடையில அதே எடத்துல குத்தி செத்துப்போனதாவும் ஹெரடோட்டஸ் எழுதறாரு. கேக்க என்ன கச்சிதமா இருக்கு, டிவி சீரியல் தோத்துச்சு. ஆனா செரபியத்துல கம்பைசிஸ் பாரசீகத்துல ராஜாவானதுல இருந்து எண்ணி 6ஆம் வருஷம், அதாவது கி.மு. 524ல, ஒரு ஏபிஸை முழு மரியாதையோட அடக்கம் பண்ணின கல்வெட்டு இருக்கு, கல் சவப்பெட்டியில அதைக் குடுத்தது கம்பைசிஸ்னு அவன் பேரே வெட்டியிருக்கு. அடுத்த ஏபிஸ் பின்னாடி வந்த பாரசீக ராஜா டேரியஸ் காலத்துல செத்திருக்கு. குத்துப்பட்டு ரகசியமா புதைச்ச மாட்டுக்கு அந்தப் பட்டியல்ல எடம் எங்கன்னு தேடினா கிடைக்கறது கஷ்டம். அப்படியும் கதைய முழுசா விடாத ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க, நம்ம வட்டத்துலயும் ரெண்டு பேர் இருக்காங்க.

பொய்யா இருந்தா ஏன் பரப்பினாங்கன்னு செப்டம்பர்ல கேள்வி வந்துச்சு. கம்பைசிஸ் பல கோயிலுக்கு அரண்மனையில இருந்து போற வரும்படிய வெட்டினான்னு ஒரு எகிப்திய ஏட்டுல இருக்கு. ஹெரடோட்டஸ் முக்கா நூற்றாண்டு கழிச்சு போய் விசாரிச்சது பெரும்பாலும் அந்தப் பூசாரிங்க கிட்டதான். கோயில் படியளப்பைக் குறைச்சவனை எந்தப் பூசாரி நல்லவன்னு சொல்லுவான்.

காசுன்னதும் இன்னொண்ணு. அலெக்சாண்டர் செத்து அவரோட தளபதி டாலமி எகிப்துக்கு வந்த புதுசுல ஒரு ஏபிஸ் வயசாகி செத்துச்சு. அதைப் பாத்துக்கிட்டவரு அடக்கத்துக்கு வச்சிருந்த பணம் முழுசும் செலவழிச்சும் பத்தாம டாலமி கிட்ட 50 டாலன்ட் வெள்ளி கடன் வாங்கினாருன்னு கிரேக்க வரலாற்றுக்காரர் டியோடோரஸ் சொல்றாரு. ஒரு டாலன்ட் சுமார் 26 கிலோ, மொத்தம் 1300 கிலோ வெள்ளி. பொருளாளர் அக்கா, நம்ம 2,340 ரூபா பற்றாக்குறையை இந்த வெளிச்சத்துல பாக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஏபிஸை எல்லாரும் கும்பிட்டுடல. அலெக்சாண்டர் பலி குடுத்தாரு, ஆனா ரோமாபுரி அகஸ்டஸ் நான் சாமியத்தான் கும்பிடுவேன் மாட்டை இல்லன்னு பாக்கவே வர மாட்டேன்னுட்டாராம். தரகு அண்ணன் அதுக்கு சொன்ன பதிலை மினிட்ஸ்ல ஏத்தல. ரோமாபுரி இளவரசர் ஜெர்மானிக்கஸ் கையில இருந்து தீனி வாங்க ஏபிஸ் தலையத் திருப்பிக்கிச்சு, கொஞ்ச நாள்ல அவர் செத்தாருன்னு ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதறாரு, புது ஆள் கையில எந்த மாடு சட்டுன்னு வாங்கும்னு டாக்டர் சார் கேட்டது நியாயமான கேள்வி.

நவம்பர்ல பின் வரிசை பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "அதைப் பெத்த பசு என்னாச்சு?" நாங்க யாரும் யோசிக்கவே இல்ல. தேடிப் பாத்தா, வானத்துல இருந்து ஒரு ஒளி இறங்கி அந்தப் பசு சினையாகுமாம், அப்பறம் அது கன்னே போடாதாம், அதையும் ஐசிஸ் தேவியா வச்சு வளத்து தனியா சுரங்கத்துல அடக்கம் பண்ணியிருக்காங்க. எமரிங்கற ஆராய்ச்சியாளர் பழைய எகிப்து மந்திரி இம்ஹோடெப் சமாதியத் தேடி சக்காராவுல தோண்டிக்கிட்டே போய் 1970ல அந்தத் தாய்ப்பசுக்களோட சுரங்கத்துல போய் நின்னாரு. இம்ஹோடெப் சமாதி கிடைக்கல.

டிசம்பர்ல மத்த ரெண்டு எகிப்துக் காளைங்க, ஹெலியோபொலிஸ் நெவிஸ், அர்மந்த் புகிஸ். எகிப்து எழுத்தைப் படிக்க வழி காட்டின ரொசெட்டா கல்லுலயே ஏபிஸுக்கும் நெவிஸுக்கும் ராஜா மானியம் குடுத்தது வருது. புகிஸ் காளைதான் ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது, கடைசிக் கல்வெட்டு கி.பி. 340. ஜனவரியில காளையக் கொல்ற ரோமாபுரிச் சாமி மித்ராஸ். பிப்ரவரியில குழந்தை பிறந்தநாள்னு பாதிப்பேர் வரல, சுமாரா போச்சு.

இனி கணக்கு. பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க, டீ போண்டா செலவு போன வருஷத்தை விட கூடினதுக்கு தரகு அண்ணன் பேசின கூட்டம்தான் காரணம்னு மட்டும் சொல்லிக்கறேன், ரெண்டாவது ரவுண்டு வாங்க வேண்டியதாப் போச்சு. எகிப்து படப் புத்தகத்தை ஆகஸ்ட்ல எடுத்துட்டுப் போனவங்க தயவு பண்ணி கொண்டுவந்து குடுங்க, அது நூலகத்துல என் கார்டுல எடுத்தது, ஃபைன் ஏறிக்கிட்டு இருக்கு. ஹால் சாவி ரெண்டுல ஒண்ணு என் கிட்ட இருக்கு, இன்னொண்ணு யார் கிட்டன்னு தலைவர் ஐயா கேட்டுக்கிட்டே இருக்காரு.

கடைசியா ஒரு மன்னிப்பு. கல்வெட்டு, பதிவுன்னு இவ்ளோ நேரம் பேசின நானே ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாச மினிட்ஸ் எழுதின நோட்டை பஸ்ல விட்டுட்டேன். மேல சொன்ன செப்டம்பர் விஷயம் என் ஞாபகத்துல இருந்து எழுதினது, அதனால ஹெரடோட்டஸ் அளவுக்கு நம்பினா போதும். அந்த ரெண்டு கூட்டத்துலயும் போர்டை போன்ல போட்டோ எடுத்தவங்க குரூப்ல போட்டீங்கன்னா புது நோட்டுல ஏத்தி, யார் அடுத்த செயலாளரா வர்றாங்களோ அவங்க கையில குடுத்துடறேன்.

இப்படிக்கு,
செயலாளர்