தளர்த்தி வைத்த பாவு

காட்பாடி,
மே 18

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலையில் பதில் தள்ளிப் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு இந்த முறையும் நீ வரவில்லையே. சரியான வெயில். மதியம் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

இந்தச் சூடு சிப்புக்கும் ஆகாது. என் ஆராய்ச்சியைப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னாயே, அங்கிருந்தே தொடங்குகிறேன். பிராசஸருக்குள் கேஷ் என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு. அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும். அதில் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐக் காக்க வழக்கமாக 6 டிரான்சிஸ்டர், குட்டி மின்சுவிட்சுகள். இந்த ஆறும் சேர்ந்ததை செல் என்போம். ஒரு மெகாபைட் என்றாலே 5 கோடி டிரான்சிஸ்டர்! சும்மா இருந்தாலும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். சூடு ஏறினால் கசிவும் ஏறும்.

சும்மா இருக்கும் பகுதிக்கு மின்சாரத்தை அடியோடு நிறுத்தும் வழி 2000 வாக்கிலேயே வந்தது. கசிவு பெரும்பாலும் அடங்கும், ஆனால் உள்ளே இருந்த தகவலும் போய்விடும். அது மறுபடி தேவைப்பட்டால் மெயின் மெமரி வரை ஓட வேண்டும். பிராசஸர் தாளம் போடும் கடிகாரத் துடிப்புகள் நூற்றுக்கணக்கில் வீண். மிச்சம் பிடித்ததும் அந்த ஓட்டத்தில் கரையும்.

உங்க அப்பாவின் குழித்தறியை நினைத்துப் பார். சாயங்காலம் எழும்போது பாவை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அந்த நூல்களை, அறுத்துவிட்டா போவார்? விறைப்பை மட்டும் தளர்த்திவிட்டுப் போவார். காலையில் இழுத்துக் கட்டினால் விட்ட இடத்திலிருந்து நெய்யலாம். அறுந்தால் இழை இழையாகப் பிணைக்க வேண்டும். சாம்பல் தொட்ட விரலால் இரண்டு நுனியைச் சேர்த்து ஒரு முறுக்கு, அப்புறம் அடுத்த இழை. பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்!

2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டிய 'டிரௌசி கேஷ்' இதேதான். 1 வோல்ட்டில் ஓடுவதை 0.3 வோல்ட்டுக்கு இறக்கி அரைத்தூக்கத்தில் வைப்பது. தகவல் அப்படியே இருக்கும். படிக்கும் முன் முழு வோல்ட்டுக்கு எழுப்ப ஓரிரு துடிப்பு போதும். இனி யாருக்கும் வேண்டாத தகவல் என்றால் முழுதாக அணைக்கலாம். மற்றதையெல்லாம் தளர்த்திதான் வைக்க வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

எவ்வளவு தளர்த்தலாம் என்பதில்தான் என் மாணவிகள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே சிப்பில் செய்த செல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இருப்பதிலேயே பலவீனமான செல்லுக்குத் தக்கபடிதான் எல்லாவற்றுக்கும் வோல்டேஜ் வைக்க வேண்டும். நேற்று ராத்திரி திரையில் பார்த்தோம். வோல்டேஜை இறக்க இறக்க ஒரு செல்லின் இரண்டு பக்க வோல்டேஜையும் காட்டும் கோடுகள் நெருங்கி வந்தன. இன்னும் ஒரு படி இறக்கியதும் சட்டென்று இடம் மாறிவிட்டன. 0 இருந்த இடத்தில் 1. கூட இருந்த மாணவியின் முகம் வாடிப்போயிற்று.

அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. பாவை எந்த அளவுக்குத் தளர்த்தலாம், எதற்கு மேல் கூடாது என்பது அவர் கைக்கு எப்படித் தெரிகிறது?

அன்புடன்,
சுமதி