வேல்ஸ் இளவரசர்களைக் கெடுத்தது பங்காளிச் சண்டை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேல்ஸ் இளவரசர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஆனால் அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டதால் நாடு இங்கிலாந்தின் கைக்குப் போயிற்று என்று முடித்திருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பங்காளிச் சண்டை இருந்தது, மறுக்கவில்லை. வடக்கே குவினெத் நாட்டை ஆண்ட அபெர்ஃப்ரா குடும்பத்தில் 1170இல் ஒவைன் குவினெத் கண்மூடினார். அதே ஆண்டில் அவருடைய மகன் ஹைவெல், நல்ல கவிஞர், மாற்றாந்தாய் பிள்ளைகளோடு நடந்த போரில் மாண்டார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவனையும் தகப்பன் 'என் பிள்ளை' என்று ஏற்றுக்கொண்டால் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். உரிமை கேட்க ஆளுக்கா பஞ்சம்?

இதைச் சரிசெய்யத்தான் ஒவைனின் பேரன், 'மகா' லிவெலின், படாத பாடு பட்டார். இங்கிலாந்து மன்னர் ஜானின் மகள் ஜோன் வயிற்றில் பிறந்த டாவித்தே வாரிசு என்று அறிவித்து, 1222இல் போப்பின் ஒப்புதலும் வாங்கினார். 1238இல் ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடத்தில் வேல்ஸ் தலைவர்களைக் கூட்டி டாவித்துக்கு விசுவாசம் சொல்லவைத்தார். மூத்தவன் க்ரிஃபித் மணத்துக்கு வெளியே பிறந்தவன். 1240இல் தகப்பன் இறந்ததும் டாவித் அவனைச் சிறையில் வைத்திருக்க, க்ரிஃபித்தின் மனைவி, புருஷனை மீட்டுத் தரும்படி அப்போதைய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியிடம் போனாள். ஹென்றி மீட்டார்தான், ஆனால் வீட்டுக்கு அனுப்பாமல் லண்டன் கோபுரத்தில் அடைத்தார். தம்பி முரண்டுபிடித்தால் அண்ணனை அவிழ்த்துவிடலாம் என்கிற கணக்கு. 1244 மார்ச் 1 அன்று படுக்கைத் துணிகளை முடிச்சுப் போட்டு இறங்கப் பார்த்த க்ரிஃபித், விழுந்து செத்தார். இந்தச் சண்டையில் விறகு அள்ளிப் போட்டது யார் என்று கட்டுரை கேட்கவே இல்லை.

இந்த க்ரிஃபித்தின் மகன் இன்னொரு லிவெலின். 1255இல் பிரின் டெர்வினில் உடன்பிறந்தவர்களை வென்று, 1267இல் மாண்ட்கோமரி உடன்படிக்கையில் அதே ஹென்றி வாயாலேயே 'வேல்ஸ் இளவரசர்' என்று ஒப்புக்கொள்ள வைத்தார். (பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர்களுக்குத் தரும் அதே பட்டம். ஹென்றிக்குப் பின் இங்கிலாந்து மன்னரான முதலாம் எட்வர்ட் தன் மகனுக்கு அதைக் கொடுத்தது 1301இல்தான்.) 1274இல் தம்பி டாவித் (சித்தப்பா டாவித் அல்ல, இவர் வேறு) இந்த லிவெலினைக் கொல்லச் சதி செய்து இங்கிலாந்துக்கு ஓடினார். அடைக்கலம் கொடுத்தவர் முதலாம் எட்வர்ட்.

சரி, கடைசிப் போருக்கு வருவோம். 1282 குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய இரவு ஹார்டன் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயருக்கு எதிராகப் போரைத் தொடங்கியது இதே டாவித். அண்ணனும் கூடச் சேர்ந்துகொண்டார். ஆக, அண்ணன் தம்பி ஒன்றாக நின்ற போரில்தான் நாடு போயிற்று! எதிரே பணமும் படையும் கப்பலும் நின்றன. 1277 படையெடுப்பிலேயே குவினெத்தைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவுக்கு அறுவடை ஆட்களை அனுப்பி, வயலில் நின்ற தானியத்தை அறுத்துக்கொண்டு போனவர் எட்வர்ட். சோற்றில் கைவைத்த பிறகு குடும்ப ஒற்றுமை எவ்வளவு தாங்கும்?

1282 டிசம்பர் 11இல் லிவெலின் கொல்லப்பட்டார். டாவித்தை மறு ஆண்டு அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் சித்திரவதை செய்து கொன்றார்கள். கட்டுரை அங்கே நின்றுவிட்டது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்கப்புறம் நடந்ததற்காகத்தான். லிவெலினுக்கு ஒரே மகள், குவென்லியன். பிறந்தபோதே தாயை இழந்தவள். அந்தக் கைக்குழந்தையை லிங்கன்ஷயரில் உள்ள செம்பிரிங்ஹாம் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். 1337இல் அங்கேயே இறந்தாள், வயது 54. டாவித்தின் இரண்டு பையன்களும் பிரிஸ்டல் கோட்டைச் சிறைக்குப் போனார்கள். மூத்தவன் 1287இல் செத்தான். இளையவன் ஒவைனை இரவில் அடைத்துவைக்க, இரும்புப் பட்டை போட்ட மரக்கூண்டு ஒன்று செய்யும்படி 1305இல் எட்வர்ட் உத்தரவிட்டார். அதற்கு 20 ஆண்டு கழித்தும் அவன் அங்கேதான் இருந்தான்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், இந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மதுரை.