விஜயந்தாவைக் கோத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், டர்னர்கள், வெல்டர்கள், சோதனை ஓட்டுநர்கள், ஆய்வுப் பிரிவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, அம்மா,

நான் இங்கிலாந்தின் கோவென்ட்ரி பக்கம் வசிக்கும் சென்னைக்காரன். வார இறுதிகளில், பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளைச் சீரமைக்கும் ஒரு கொட்டகையில் சம்பளமில்லாத கையாளாக வேலை செய்கிறேன். அங்கே ஒரு ஃபெரட் ஓடுகிறது. ஒரு சாரசன் மனம் வைத்தால் ஓடும். மூலையில் சீஃப்டன் டாங்கியிலிருந்து இறக்கிய லேலண்ட் எல்60 இன்ஜின் ஒன்று பிரித்தபடி கிடக்கிறது. அந்த இன்ஜினை முன்னிட்டே இதை எழுதுகிறேன். அதே இன்ஜினைத்தான் நீங்கள் ஆவடியில் செய்த இந்திய டாங்கியான விஜயந்தாவுக்குள் இறக்கிப் பூட்டினீர்கள். சோதனை ஓட்டத்தில் அது அடம்பிடித்தபோது மறுபடி வெளியே தூக்கினீர்கள்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கைகளுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பேசிப் பதிவு செய்யுங்கள். 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். 1980-களில் உற்பத்தி முடியும் தறுவாயில் சேர்ந்தவர்களும் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். தள்ளிப்போட இனி இடமில்லை.

"எல்லாம்தான் கையேட்டில் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லக்கூடும். இங்கேயும் கையேடுகளுக்குக் குறைவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் பராமரிப்பு விதிகளையும், படத்துடன் உதிரிபாகப் பட்டியலையும் அச்சிட்டு வைத்தது. பழைய ராணுவப் பொருள் சந்தைகளில் அவற்றை இன்றும் விலைக்கு வாங்கலாம். ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவை சொல்லும். பக்கத்து போல்ட் துருப்பிடித்து உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாது.

ஃபெரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டெய்ம்லர் நிறுவனம் கோவென்ட்ரியில் 1952 முதல் 1971 வரை 4,409 ஃபெரட் வண்டிகளைச் செய்தது. நான்கு டன் சுமாருக்கு ஒரு சின்ன வேவுக் கவச வண்டி. ஆறு சிலிண்டர் ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் இன்ஜின். இந்திய ராணுவத்திடமும் இருந்தது. அதில் இடப்பக்கச் சக்கரங்களுக்கும் வலப்பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில்தான் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு, உண்டு. ஒரே பக்கத்தின் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மண்ணில் ஓட்டினால் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக, பின்சக்கரம் குறைவாகப் போக, அந்த வித்தியாசம் முழுவதும் முறுக்காகத் தண்டுகளுக்குள் ஏறி உட்காரும். வண்டி கனக்கும், பல்சக்கரப் பெட்டிகள் சூடேறும், கவனிக்காமல் விட்டால் ஏதாவது ஒன்று உடையும். பழைய ஓட்டுநர்கள் அவ்வப்போது ஒரு சக்கரத்தைச் சாலையோரத் திட்டின் மேல் ஏற்றி இறக்குவார்கள். சக்கரம் ஒரு கணம் தரையின் பிடியிலிருந்து விடுபட்டதும் முறுக்கு அவிழ்ந்துவிடும். நான்கு டயர்களும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரே ஒரு புது டயரை மாட்டிச் சிக்கனம் பிடித்தவர்கள் பிறகு பல்சக்கரப் பெட்டிக்குச் செலவழித்த கதைகள் இங்கே நிறைய உண்டு.

அந்த வண்டியின் கியர் மாற்றும் பெடலும் ஒரு தனி அத்தியாயம். லீவரால் கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பெடலை மிதித்தால்தான் கியர் விழும். அரைகுறையாக மிதித்தாலோ உள்ளேயிருக்கும் பட்டைகளின் இறுக்கம் சரியில்லாவிட்டாலோ பெடல் பெரும் விசையுடன் மேலே எகிறி வரும். காலைத் தளர்த்தி வைத்திருந்தால் கணுக்கால் போகும். அந்தக் காலை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதை எனக்குப் படம் வரைந்து யாரும் சொல்லித்தரவில்லை. முன்னாள் ராணுவ மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் குனிந்து நின்று, என் முழங்காலைப் பிடித்துத் திருப்பி வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அந்த வகை மனிதர்கள் இங்கே அருகி வருகிறார்கள். தொழிற்சாலைகளும் இல்லை. சாரசன், சலாடின், ஸ்டால்வார்ட் வண்டிகளைச் செய்த ஆல்விஸ் நிறுவனம் இருந்த இடத்தில் இன்று கடைகள்தான் நிற்கின்றன. பெயரை மட்டும் அந்தக் கடைவளாகம் சுமக்கிறது. ஆவடியில் உங்கள் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. 2021 அக்டோபரிலிருந்து புதிய அரசு நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுற்றுச்சுவரைச் சுற்றியே உங்களில் பலர் வீடு கட்டிக் குடியிருக்கிறீர்கள். தினமும் மாலையில் நடைப்பயிற்சியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். எங்களுக்கு வாய்க்காத வசதி இது.

இனி எல்60-க்கு வருகிறேன். இந்த இன்ஜினை உங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் இந்த மடலைப் படிக்கக்கூடிய உங்கள் பேரப்பிள்ளைகளுக்காக நான்கு வரி. சிலிண்டர்கள் ஆறு, பிஸ்டன்கள் பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை நசுக்கும். மேலே ஒரு கிராங்க் தண்டு, கீழே ஒன்று. இரண்டையும் பல்சக்கரங்கள் இணைக்கும். சிலிண்டர் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் என எதை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்பது 1950-களின் கடைசியில் நேட்டோ நாடுகள் போட்ட நிபந்தனை. மற்ற நாடுகள் அந்த நிபந்தனையைச் சத்தமில்லாமல் தளர்த்திக்கொண்டன. பிரிட்டன் மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு, ஒரு நல்ல டாங்கிக்கு ஒரு நோஞ்சான் இதயத்தைப் பொருத்தியது. 700 குதிரைத்திறன் தர வேண்டிய இன்ஜின் தொடக்கத்தில் 585-ஐத்தான் தந்தது. சிலிண்டர் லைனரின் (சிலிண்டருக்குள் பொருத்தும் உள்ளுறையின்) சீல்கள் சூட்டில் விட்டுப்போய் குளிர்நீர் உள்ளே இறங்கியது. பல்சக்கர வரிசை, மின்விசிறி இயக்கம் என்று ஒன்று மாற்றி ஒன்று தொல்லை கொடுத்தது. 55 டன் எடையுள்ள சீஃப்டன் பயிற்சி மைதானங்களில் புகை கக்கிக்கொண்டு நின்ற கதைகளை இங்குள்ள முன்னாள் ராணுவத்தினர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பில் பாதி கசப்பு.

விஜயந்தா 39 டன். நியூகாசிலில் விக்கர்ஸ் நிறுவனம் வரைந்தது. பிரிட்டனின் சென்சூரியன் டாங்கி வழிவந்த 105 மில்லிமீட்டர் பீரங்கி, சீஃப்டனின் இன்ஜின், அதன் டிஎன்12 கியர்பெட்டி. முதலில் வந்தவை அங்கே செய்தவை. பிறகு நீங்கள் சுமார் 2,200 வண்டிகளைச் செய்தீர்கள். குறைந்த எடையைச் சுமந்ததால் உங்களிடம் எல்60 கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டதா, ராஜஸ்தான் வெயிலில் அந்த லாபமும் போய்விட்டதா என்பது எங்கள் கொட்டகையில் தீராத வாக்குவாதம். தீர்த்துவைக்க உங்களால்தான் முடியும்.

கேட்க நினைப்பவை பெரிய ரகசியங்கள் அல்ல. லைனர் சீலை மாட்டும்போது எதைத் தடவினீர்கள்? இங்கிலாந்திலிருந்து வந்த சீலைத்தான் கடைசிவரை பயன்படுத்தினீர்களா, சென்னையிலேயே வேறு ரப்பரில் செய்து பார்த்தீர்களா? கிளப்பியவுடன் வரும் வெள்ளைப் புகையில், தானாக அடங்கிவிடும் புகை எது, இன்ஜினைப் பிரித்தே தீரவேண்டிய புகை எது? பெப்ரவரியில் வட இந்தியக் குளிரில் கிளப்புவதற்கும் மே மாதம் ஆவடியில் கிளப்புவதற்கும் கை வேலையில் என்ன வேறுபாடு? டிஎன்12 கியர்பெட்டியில் ஓட்டுநர் மோட்டார் சைக்கிளைப் போல இடது காலால் கியர் தட்டுவார். அந்தத் தட்டலுக்குக் கியர் விழாதபோது நீங்கள் முதலில் எதைத் திறந்து பார்த்தீர்கள்? கழன்ற ட்ராக் சங்கிலியை மணலில் எத்தனை பேர் சேர்ந்து மாட்டினீர்கள், கடப்பாரையை எங்கே கொடுத்தீர்கள்?

ரகசியக் காப்பு உறுதிமொழி கொடுத்திருக்கிறோமே என்று உங்களில் சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. கவசத்தின் தடிமன், குண்டு, பீரங்கிக் கணக்கு எதையும் நான் கேட்கவில்லை. அவற்றைச் சொல்லவும் வேண்டாம். இந்த இன்ஜினும் கியர்பெட்டியும் பூட்டிய சீஃப்டன்கள் இங்கே பீரங்கி செயலிழக்கச் செய்யப்பட்டுத் தனியாருக்கே விற்கப்பட்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எழுதும்போது அழகாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டு, அதில் பென்சிலால் கிறுக்கிய அளவுகள், எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள் எல்லாம் வேண்டும். பட்டறையில் பேசிய தமிழிலேயே சொல்லுங்கள். இலக்கணம் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. பேத்தியின் கைபேசியில் பதிவு செய்தாலும் போதும். சேர்ந்ததைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்திடம் கொடுத்து வைக்கலாமா என்று உங்கள் ஓய்வூதியர் சங்கம் கேட்டுப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் யாராவது நினைவுக்காகப் பழைய பாகம் எதையும் வைத்திருந்தால் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துக் கேஸ்கெட்டிலும் புகைக்குழாய் உறையிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய பிரிட்டிஷ் அளவைக் கருவிகளின் முள்ளில் பூசியது ரேடியம். ஒளிர்வது நின்றுபோயிருக்கும், கதிர்வீச்சு நிற்காது, அதன் பாதி ஆயுளே 1,600 ஆண்டு. இங்கே அத்தகைய முகப்புகளை யாரும் திறப்பதில்லை.

கொலைக் கருவிக்கு எதற்கு இத்தனை சீராட்டு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இலங்கை ராணுவத்திடமும் சலாடினும் ஃபெரட்டும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் எங்கள் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டார். நான் அழைப்பதையும் விட்டுவிட்டேன். அந்த வண்டிகள் எங்கே, யார்மீது ஓடின என்பதைப் பேசாமல் பச்சை வண்ணத்தை மட்டும் பளபளப்பாக்குபவர்கள்மீது எனக்கும் எரிச்சல்தான். அதனாலேயே சொல்கிறேன்: பொம்மையாக நிற்கும் டாங்கி எதையும் சொல்லாது. அதைச் செய்தவர்களும் ஓட்டியவர்களும் அதன் முன்னால் நின்றவர்களும் பேசினால்தான் அது சாட்சியாகும். எனக்குக் கேட்கத் தெரிந்தது செய்தவர்களிடம் மட்டும்.

எல்லா வண்டியும் ஓட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் முதல் உலகப் போர்க் கால மார்க் 5 டாங்கி ஒன்று இருக்கிறது. 1918-இல் அமியான் போரில் கலந்துகொண்டது. நெடுங்காலம் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இதற்குமேல் ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. ஒரே ஒரு பொருள் மிச்சமிருந்தால் அதை ஓட்டக் கூடாது. விஜயந்தாக்கள் அப்படியல்ல, நாடெங்கும் முச்சந்திகளிலும் முகாம் வாசல்களிலும் மேடையேறி நிற்கின்றன. அவற்றின் நிலையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் துருவின் மேலேயே ஒரு கோட் எனாமல். மூடிகளைப் பற்றவைத்து மூடிவிடுவதால் இடுக்கில் இறங்கிய மழைநீர் உள்ளேயே நின்று தரைத் தகட்டைத் தின்கிறது. அடித்தட்டில் இருக்கும் வடிகால் அடைப்பான்களைக் கழற்றிவிட்டாலே பாதி வண்டிகள் பிழைக்கும். காசு செலவில்லாத வேலை, ஒரு ஸ்பேனர் போதும். அந்த அடைப்பான்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் அறியமாட்டார். நீங்கள் அறிவீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம்: செய்த இடத்திலேயே ஒரு விஜயந்தாவையாவது ஓடும் நிலையில் வையுங்கள். அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, நிற்கத்தான் செய்கின்றன. ஆவடியில் ஒன்று ஓடட்டும். பழகுநர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது, ஏனென்றால் எல்60-இல் எல்லாத் தவறும் உண்டு.

ஐயா, அம்மா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்களானால், லைனர் சீலில் தொடங்குங்கள். இங்கே இன்ஜினை மறுபடி கோக்கும் வேலை அதற்காகத்தான் காத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் புதிய சீல்களை மாட்டிப் பார்த்தோம். அழுத்தச் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் கசிகிறது. லைனரின் பள்ளம் தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், சீலை முறுக்கி மாட்டிவிட்டோம் என்று இன்னொருவர் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடனும் மரியாதையுடனும்,
கோவென்ட்ரியிலிருந்து உங்கள் ஊர்க்காரன்